தமிழ் நீட்டும், ஆங்கிலம் அழுத்தும்



பாம்பனில், நம் மாலை வகுப்பிற்கு வரும் மீனவச் சிறுவன் ஒருவன் 'பெர்மிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக ஒலித்தான். உடன் பயில்வோர் நகைத்தனர். அன்றுமுதல் அவன் வாய் திறக்கவில்லை.

அச்சொல் அனுமதிச் சீட்டைக் குறிக்கும் பெயராயின் 'பெர்' என்பதை அழுத்த வேண்டும்; அனுமதித்தல் என்னும் வினையாயின் 'மிட்' என்பதை அழுத்த வேண்டும். நம் இறால் 'எக்ஸ்போர்ட்' ஆவதும் இம்முறையே: பெயருக்கு முதலசை, வினைக்கு இரண்டாமசை.

தமிழிலும் இதற்கோர் உறவுமுறை உண்டு. கெடு, சுடு என்னும் வினைகள் முதலெழுத்து நீண்டு கேடு, சூடு எனப் பெயராகின்றன. நம் கரையில் 'மீன்பாடு' என்கிறோமே, அந்தப் பாடும் 'படு' என்பதிலிருந்து பிறந்ததே. தமிழ் நீட்டுகிறது, ஆங்கிலம் அழுத்துகிறது.

இதை விளக்கி, அழுத்தும் அசைதோறும் கைதட்டச் செய்தேன். சிறுவன் திருத்தமாக ஒலித்தான்.

எனினும் எல்லாச் சொற்களும் இவ்விதிக்கு அடங்கா. 'ரிப்ளை' என்பதற்குப் பெயரிலும் வினையிலும் இரண்டாமசையிலேயே அழுத்தம். ஆதலால் பிழை நேர்வது இயல்பே. வீட்டில் பிள்ளை தடுமாறினால் நகையாதீர்கள். மறுமுறை சொல்லச் சொல்லிப் பொறுமையுடன் கேளுங்கள். பிழையைத் திருத்திவிடலாம், மூடிய வாயைத் திறப்பதே அரிது.