200 மெகாபிக்சல் நிஜமாவே தேவையா?

‘200 மெகாபிக்சல் கேமரா’ என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் காசு கொடுப்பவர்கள், முதலில் ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபுல் ஹெச்.டி. திரையை நிரப்ப 2 மெகாபிக்சல் போதும். 4கே டிவிக்கு சுமார் 8. ஏ4 தாளில் தரமாக பிரிண்ட் போட 9 இருந்தாலே தாராளம்.

200 மெகாபிக்சல் போன்கள்கூட வழக்கமாக 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. ஏன்? விரல்நகம் அளவுள்ள சென்சாரில் பிக்சல்களை நெருக்கினால், ஒவ்வொன்றும் பிடிக்கும் வெளிச்சம் குறையும்; இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தூரத்துப் பறவையை எடுத்து கிராப் செய்பவர்களுக்குக் கூடுதல் பிக்சல் உதவும். மற்றவர்கள் கடையில் கேட்க வேண்டியது ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்பதல்ல, ‘சென்சார் எவ்வளவு பெருசு, லென்ஸ் எப்படி?’ என்பதுதான்.