பூனைகளுக்கும் எக்கோ முகாம் தேவை



பூனைகளுக்கு அதிகம் வரும் இதய நோய், இதயத் தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. வெளியே தெரியாமல் வளரும். ஸ்டெதாஸ்கோப்பிலும் பிடிபடாமல் போகலாம். திடீர் மூச்சிரைப்போ, ரத்தக்கட்டி அடைத்துப் பின்னங்கால்கள் முடங்குவதோதான் பல பூனைகளிடம் முதல் அறிகுறி.

எக்கோ எனும் இதய அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் இடது கீழறைச் சுவர் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் இந்நோயைச் சந்தேகிக்கலாம். உயர் ரத்த அழுத்தத்தாலும் தைராய்டு கோளாறுகளாலும் சுவர் தடிக்கும் என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டும். இடது மேலறை வீங்கியிருந்தால், ரத்தம் கட்டாமலிருக்க முன்கூட்டியே மருந்து தொடங்கலாம்.

நெல் மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் பூனைக்கு இந்தக் கவனிப்பு நியாயமானதே. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் இணைந்து, நன்னிலத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது எக்கோ முகாம் நடத்த வேண்டும்.

- வாசகர், நன்னிலம், திருவாரூர் மாவட்டம்