நாஞ்சில் வயலுக்கு எந்தத் துப்பாக்கி?

பழையாற்றுப் பாசனத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளையும் சமவெளியில் அமைந்திருக்கிறது சுசீந்திரம். அங்கிருந்து வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பூதப்பாண்டி, கீரிப்பாறை வட்டாரங்களில் வாழையும் மரச்சீனியும் பயிரிடுவோருக்குக் காட்டுப்பன்றி தீராத தலைவலி. அது தின்பதைவிடக் கிளறிப் பாழாக்குவது அதிகம். "எங்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள்" என்ற கோரிக்கை இந்தப் பின்னணியில்தான் எழுகிறது. கொடுப்பதென்றால் எந்தத் துப்பாக்கி என்பதை யோசித்துப் பார்ப்பது நல்லது.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு விவசாயி கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் ரூகர் 10/22 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளை எடுத்துக் காட்டுவார். 1964 முதல் விற்பனையில் இருப்பது. சில நூறு டாலர்தான் விலை. விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு பாயும்; அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். இந்தியாவில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழான விதிகளும் அரைத் தானியங்கி ரைஃபிள்களைப் பொதுவாகத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. மத்திய அரசின் தனி அனுமதியின்றி அவற்றை வைத்திருக்க இயலாது.

இந்தத் தடை சரியானதே. ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேரும், நியூசிலாந்தில் 2019-இல் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே அந்நாடுகள் இத்தகைய துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்துத் திரும்பப் பெற்றன. ஆனால், பயிரைக் காக்கவும் தொல்லை தரும் விலங்குகளைக் கட்டுப்படுத்தவும் உரிய உரிமம் பெற்றவர்களுக்கு இரு நாடுகளும் விலக்கு அளித்தன. தடை என்பதும் விவசாயியின் தேவையை மறுப்பது என்பதும் வெவ்வேறு என்பதை அவை உணர்ந்திருந்தன.

நமது சட்டமும் அதை உணர்ந்தே எழுதப்பட்டது. அதன் 13-ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்பு என்ற உண்மையான தேவைக்காக, குழலின் வாய்வழியே மருந்து நிரப்பிச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் கோரும் குடிமகனுக்கு அதை வழங்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், குறைந்தது 20 அங்குலக் குழல் கொண்ட, உள்வரி இல்லாத வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். "வழங்கலாம்" என்றல்ல, "வழங்க வேண்டும்" என்றே முதல் பகுதி அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

உள்வரி இல்லாத குழலைச் சட்டம் தேர்ந்தெடுத்ததில் பொருள் இருக்கிறது. நம் நாட்டில் உரிமம் பெற்றுப் பரவலாக வாங்கப்படும் ரைஃபிள், இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான .315 வகை. ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்ற வேண்டும், எளிதில் பழுதாகாது. ஆனால், குறி தவறிய அதன் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும். ரூகரின் சிறு குண்டுகூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கியின் ஈயக் குண்டுகளோ சுமார் 40 மீட்டர் வரைதான் பயன் தரும்; சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் கன்னியாகுமரி. வயல், தெரு, தோப்பு, மீண்டும் தெரு என்று விரியும் நிலத்தில், பாயும் குண்டைத் தடுக்க ஒரு மேடுகூட இராது. எவ்வளவு வேகமாகச் சுடும் என்பதைவிட, குண்டு எங்கே போய் நிற்கும் என்பதே இங்கு முதல் தகுதி.

இந்தக் கோணத்தில் பார்த்தால், 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாடு வியப்பளிக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டிய தோட்டங்களில், அதாவது பாதிப்பு மிகுந்த இடத்தில், துப்பாக்கிக்கு வேலையில்லை. காட்டை விட்டு விலக விலக, மக்கள் நெருக்கம் மிகுந்த சமவெளியில்தான் அது வெடிக்கலாம். அந்தச் சமவெளியில்தான், 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற 94 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் இருக்கிறது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் குளங்கள் அவை. வன விலங்குகளின் நலன் கருதி எழுதப்பட்ட விதி, பறவைகளை மறந்துவிட்டது போலும்.

களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசு 2022-இல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கி, துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு அதை நிறைவேற்ற வழி செய்தது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி பெருகாமலே காரியம் நடக்கிறது. சுடும் பொறுப்பை வனத்துறை ஊழியர்களிடம் மட்டுமே விட்டுவைப்பதைவிட இது நடைமுறைக்கு ஏற்றது.

வழி அடைபட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தருமபுரி மாவட்டம் காட்டியது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, பன்றியைத் தடுக்கச் சட்டவிரோதமாக அமைத்த மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடியும் இதே கையறு நிலையின் விளைவே. இத்தகைய வேலியில் மனிதர்களும் பலியாகிறார்கள்.

கன்னியாகுமரி போன்ற எல்லை மாவட்டங்களிலாவது, பயிற்சி பெற்ற, இரட்டைக் குழல் துப்பாக்கி உரிமம் உள்ள சிலரை ஒன்றியம்தோறும் தெரிவு செய்து, வனத்துறையின் மேற்பார்வையில் காட்டை ஒட்டிய தோட்டங்களிலும் இயங்கவிடலாம். குளங்களையும் குடியிருப்புகளையும் ஒட்டிய பகுதிகளை அந்த உத்தரவிலேயே விலக்கி வைக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கத்திலிருந்து இவர்களுக்கு விலக்கு அளிப்பதா, அந்த வாரங்களில் வனத்துறையே பொறுப்பேற்பதா என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும்.