நீலத்திரையை மூடுங்கள்

பிள்ளைச்சாவடியில் 1984-இல் தொடங்கிய புதுவைப் பொறியியல் கல்லூரி இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்டது. ஊர் இவ்வளவு தூரம் வந்த பிறகும், நான் சந்திக்கும் முதலாண்டுப் பிள்ளைகள் சிலர் ‘டர்போ சி’யின் நீலத்திரையில்தான் சி மொழி பழகுகிறார்கள். டாஸ் காலத்தில், 1987-இல் வந்த மென்பொருள் அது. அதில் முழு எண்ணுக்கான சாதாரண ‘இன்ட்’ மாறி 32,767-ஐத் தாண்டாது. 40,000 என்று கொடுத்தால் -25,536 என்று காட்டும். பிளஸ் டூ கணக்கில் நூறு வாங்கி வந்த பிள்ளை, தப்பு தன்மேல்தான் என்று மிரண்டுபோகிறது. பார்க்க மனம் பொறுக்கவில்லை. இதற்கு மாற்று இருக்கிறது: அதே 1987-இல் வெளிவந்த ‘ஜிசிசி’ என்ற சி மொழித் தொகுப்பி இன்றுவரை புதுப்பிக்கப்படுகிறது. லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆசிரியர்களே, வரும் பருவத்திலிருந்தாவது அதை ஆய்வகத்தில் நிறுவிக் கொடுங்கள்.