ராம் விலை ஏன் எகிறுது? கேமிங் கம்ப்யூட்டரை அப்கிரேடு பண்ணும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பூந்தமல்லி - ஆவடி சாலையில் இருக்கும் சென்னீர்குப்பம் மாதிரியான புறநகர்களில், வீட்டு கேமிங் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியதாக இருக்காது. முதலில் 8 ஜிபி ராமோடு ஒரு சிபியு. காசு சேர்ந்ததும் ஒரு எஸ்எஸ்டி. போனஸ் வந்தால் கிராபிக்ஸ் கார்டு. இந்த வரிசையில் கை கடிக்காத செலவு என்றால் அது ராம்தான். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்து மாட்டினால் வேலை முடிந்தது.

அந்தக் கணக்குதான் 2025 இறுதியில் தலைகீழானது. அந்த ஆண்டு செப்டம்பரில் 149 டாலராக இருந்த சாம்சங்கின் 32 ஜிபி டிடிஆர்5 மாட்யூலின் ஒப்பந்த விலை, நவம்பரில் 239 டாலர் ஆனதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. இரண்டே மாதத்தில் சுமார் 60% ஏற்றம். இது நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் விலை. கடைக்கு வரும்போது இறக்குமதிச் செலவு, டீலர் லாபம், 18% ஜிஎஸ்டி எல்லாம் இதன் மேல் ஏறும்.

என்னதான் ஆச்சு?

உலகில் கம்ப்யூட்டர் மெமரி சிப் தயாரிப்பில் பெரும்பங்கு மூன்றே நிறுவனங்களிடம் இருக்கிறது: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். கடையில் பார்க்கும் கோர்செய்ர், ஜி.ஸ்கில், ஏடேட்டா போன்ற பிராண்டுகள் பெரும்பாலும் இவர்களிடம் சிப் வாங்கி, அதை ஸ்டிக்காக மாற்றி விற்பவைதான். அதனால் பிராண்டை மாற்றினாலும் விலையில் பெரிய வித்தியாசம் வராது.

இந்த மூன்று பேருக்கும் இப்போது பெரிய வாடிக்கையாளர் ஏஐ டேட்டா சென்டர்கள். அங்கு பயன்படும் ஹெச்பிஎம் என்ற அதிவேக மெமரி, அதே அளவு டிடிஆர்5 மெமரியைவிட சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபரை விழுங்குகிறது. ஆலையும் இயந்திரமும் அதேதான். ஆக, ஹெச்பிஎம் தயாரிப்பு கூடினால் சாதாரண ராமுக்கான இடம் குறையும். 2025 அக்டோபர் 1 அன்று ஓபன்ஏஐ நிறுவனம் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் ஆகிய இரண்டுடனும் கைகோத்தது. அதன் இலக்கு மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர்கள்!

நிறுவனங்கள் ஏன் உடனே உற்பத்தியைக் கூட்டவில்லை? 2023-ல் பட்ட சூடு ஒரு காரணம். கொரோனா கால விற்பனை அடங்கியதும் மெமரி தேங்கி, விலை சரிந்தது. சாம்சங்கே உற்பத்தியைக் குறைத்தும் அந்த ஆண்டு அதன் சிப் பிரிவு பெரும் நஷ்டம் கண்டது. இந்த முறை லாபம் எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் போவார்கள். வீட்டு கேமர் வரிசையில் கடைசி ஆள்.

'குஜராத்தில் மைக்ரான் ஆலை வருதே, விலை குறையாதா?' என்ற கேள்வியும் வருகிறது. சனந்தில் 2023-ல் அறிவிக்கப்பட்ட அந்த ஆலை, சிப்பை சோதித்துப் பேக் செய்யும் இடம். வேஃபர் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். அதை வைத்து விலை குறையும் என எதிர்பார்ப்பது சரியாக இருக்காது. அமெரிக்காவின் ஐடாஹோவில் மைக்ரான் கட்டும் வேஃபர் ஆலையின் முதல் உற்பத்தியே 2027 நடுவில்தான் என அந்நிறுவனம் சொல்லியிருக்கிறது.

சரி, அப்போ ராம் வாங்கலாமா, வேண்டாமா?

முதலில் தேவையா என்று பாருங்கள். இங்கேதான் பலரும் காசை விடுகிறார்கள். கேம் ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் நின்று, கேமும் விட்டு விட்டுத் திக்கினால் ராம் பற்றவில்லை. மெமரி 60 சதவீதத்திலேயே இருந்து கேம் ஒரே சீராக மெதுவாக ஓடினால் பிரச்சினை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு அல்லது பிராசஸரில். அங்கே 32 ஜிபி போட்டாலும் ஒன்றும் மாறாது. வாலரன்ட்டுக்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபிதான். சைபர்பங்க் 2077-க்கோ, 2023-ல் தேவையைத் திருத்திய பிறகு குறைந்தபட்சமே 12 ஜிபி.

அதே திரையில் எத்தனை ஸ்லாட், எத்தனை காலி, ராமின் வேகம் என்ன என்பதும் தெரியும். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ஸ்டிக் உட்காராது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் ராமும் அளவில் சின்னது, டெஸ்க்டாப்பில் மாட்டாது.

8 ஜிபி ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல், அதே வகை, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதே இப்போதைக்கு லாபம். வேகம் மாறினால் இரண்டுமே குறைந்த வேகத்தில்தான் ஓடும். இரண்டு ஸ்டிக் போட்டால் டூயல் சேனல் கிடைக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி மாதிரி பிராசஸரில் விளையாடுபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் அங்கே கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போடுகிறது. நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பொதுவாக பிராசஸரில் இருந்து 2-வது, 4-வது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது.

ராமுக்காக மட்டும் டிடிஆர்4-ல் இருந்து டிடிஆர்5-க்கு மாறுவது இந்த நேரத்தில் வீண் செலவு. போர்டு, ராம் இரண்டும் புதுசாக வாங்கணும், பல நேரம் பிராசஸரும்.

பழைய ராம் வாங்குபவர்கள் கடையிலேயே மாட்டி, சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் அளவும் வேகமும் ஸ்டிக்கர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட விடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே க்ரூஷியல் ராம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்த பிராண்டின் நுகர்வோர் வியாபாரத்தில் இருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. ஆனால் விற்ற பொருட்களுக்கு வாரன்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.