அறைச் சன்னலைவிட அருகிலுள்ள தெரு முக்கியம்

விடுமுறை நெருங்கினாலே நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஜப்பான், கொரியாவுடன் இப்போது ஷாங்காயின் பெயரும் அடிபடுகிறது. 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூரர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சீனாவில் தங்கலாம் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். விமானச் சீட்டு வாங்கியதும் எழும் அடுத்த கேள்வி: எங்கே தங்குவது?

இதற்கு நாம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் விடை தேடுகிறோம். ஒன்று, ஆகக் குறைந்த விலையில் கிடைக்கும் அறை. மற்றொன்று, சன்னல் திரையை விலக்கினால் வானளாவிய கட்டடங்கள் தெரியும் அறை. இரண்டையும் இரண்டாம் இடத்தில் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. முதலில் பார்க்கவேண்டியது, விடுதி வாசலைத் தாண்டியதும் எத்தகைய தெருவில் கால்வைக்கப் போகிறோம் என்பதைத்தான். நான்கைந்து நாள் பயணத்தில் நாம் எந்த ஷாங்காயைக் காண்போம் என்பதைப் பெரும்பாலும் அந்தத் தெருதான் முடிவுசெய்கிறது.

ஷாங்காயை ஹுவாங்பூ ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரை பூஷி, கிழக்குக் கரை பூடோங். வயல்களும் கிடங்குகளும் தொழிற்சாலைகளுமாக இருந்த பூடோங்கை மேம்படுத்தும் திட்டத்தைச் சீன அரசாங்கம் 1990ல் அறிவித்தது. இன்று அங்குள்ள லுஜியாசுய் வட்டாரத்தில் 632 மீட்டர் உயர ஷாங்காய் கோபுரம், 492 மீட்டர் உயர உலக நிதி மையம், 468 மீட்டர் உயர ஓரியண்டல் பேர்ல் கோபுரம் ஆகியவை நிற்கின்றன. ஒரு தலைமுறைக் காலத்தில் எழுந்த இந்த வளர்ச்சி வியக்கத்தக்கது. அதை நிச்சயம் பார்க்கவேண்டும்.

ஆனால், பார்ப்பதற்காக அங்கேயே தங்கவேண்டியதில்லை. படங்களில் நாம் ரசிக்கும் அந்தக் காட்சி முழுமையாகத் தெரிவது, எதிர்க்கரையில் இருக்கும் ‘பண்ட்’ நடைபாதையிலிருந்துதான். கட்டடங்களுக்கு நடுவே நிற்பவருக்கு அவற்றின் அணிவகுப்பு தெரியாது. லுஜியாசுய்யில் சாலைகள் அகலமானவை. பாதசாரிகள் பல இடங்களில் மேம்பாலத்தில் நடக்கிறார்கள். சாப்பிட நினைத்தால் பெரும்பாலும் கடைத்தொகுதிக்குள்தான் நுழையவேண்டும். சிங்கப்பூரைப் பார்க்க வந்த ஒருவர் ராஃபிள்ஸ் பிளேசை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினால் நாம் என்ன சொல்வோம்?

விலையை மட்டும் பார்த்த தவற்றை நானே செய்திருக்கிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து முதன்முறை சென்றபோது, நகர ஓரத்தில் மலிவான அறை ஒன்றைப் பதிவுசெய்தோம். மெட்ரோ நிலையத்திற்கு 20 நிமிட நடை. பிறகு ஒரு மணி நேர ரயில் பயணம். பெரும்பாலான தடங்களில் இரவு 11 மணியை ஒட்டிக் கடைசி ரயில்கள் புறப்பட்டுவிடும் என்பதால், ஊர் களைகட்டும் நேரத்தில் நாங்கள் கிளம்பவேண்டியிருந்தது. ஓர் இரவு ரயிலைத் தவறவிட்டோம். அறையில் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதி டாக்சிக்குப் போனது. நான்கு நாள்களில் பத்து மணி நேரத்திற்குமேல் போகவரவே செலவானது. அந்த நேரத்தின் விலையை எந்த முன்பதிவுச் செயலியும் எங்களுக்குக் காட்டவில்லை.

அடுத்த முறை பூஷியில், 10ஆம் மெட்ரோ தடத்தை ஒட்டிய பழைய வட்டாரம் ஒன்றில் சிறிய அறை எடுத்தோம். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். ஆனால் கீழே இறங்கினால் பிளேன் மரங்கள் நிழல்தரும் தெரு. காலையில் சோயாப் பாலும், நம் உணவங்காடிகளில் கிடைக்கும் அதே யூ தியாவும் விற்கும் கடை. அருகே, ‘ஷிகுமென்’ எனப்படும் கல் வாசல் வீடுகள் வரிசையாக நிற்கும் சந்துகள். சீன முற்றத்து வீட்டையும் மேற்கத்திய வரிசை வீட்டையும் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான வீடுகள் அவை. பல சந்துகள் இடிக்கப்பட்டுவிட்டன. சில, ஷின்டியன்டி போல, உணவகங்களும் கடைகளும் நிறைந்த இடங்களாக மாறிவிட்டன. மக்கள் இன்னும் குடியிருக்கும் சந்துகளில் மூங்கில் கழிகளில் துணி காய்கிறது. அதைக் கண்டதும் எனக்கு நம் வீவக புளோக்குகள் நினைவுக்கு வந்தன.

இங்கேதான் சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சீன நண்பர்களுடன் படித்து, மாண்டரினைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் சீனாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி காணொளிகளிலும் செய்திகளிலும் வந்ததுதான். மூன்று நாள் தொடர்ந்து ஒரே கடையில் காலை உணவு வாங்கினால், நான்காம் நாள் கடைக்காரர் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறார். எந்த ஊர் என்று கேட்கிறார். “ஷின்ஜியாப்போ” என்றதும் அவருக்கு வியப்பு. உற்றுப் பார்ப்பவர்களும் உண்டுதான். ஆனால் பேச்சு தொடங்கிவிட்டால் அந்தப் பார்வை மாறுவதை நான் கண்டிருக்கிறேன். கடைத்தொகுதியில் அந்தப் பேச்சு தொடங்குவதில்லை.

ஆசை மட்டும் போதாது, சில நடைமுறைகளையும் கவனிக்கவேண்டும். சீனச் சட்டப்படி வெளிநாட்டவர் தங்கும் இடம் 24 மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் பதிவாகவேண்டும். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் அது நம் பொறுப்பு. முன்பு பல சிறு விடுதிகள் வெளிநாட்டவரை ஏற்கத் தயங்கின. அப்படி மறுக்கக்கூடாது என்று 2024ல் அதிகாரிகள் அறிவுறுத்தினர். இருந்தாலும் பதிவுசெய்வதற்குமுன் கேட்டு உறுதிசெய்வது நல்லது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் தங்கினால், பெற்றோரின் தொடர்பு விவரத்தை விடுதி கேட்கும்.

உணவும் இடத்தைப் பொறுத்ததே. சைவ உணவு, ஹலால் உணவு தேடுவோர் அறைக்குமுன் அக்கம்பக்கத்து உணவகங்களைத் தேடிப் பார்க்கலாம். “நான் இறைச்சி, மீன் சாப்பிடமாட்டேன்” என்பதை வகுப்பிலுள்ள சீன நண்பரிடம் எழுதி வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் பெரும் உதவி.

பூடோங்கில் தங்குவதே சரி என்று சொல்வதற்கும் காரணங்கள் உண்டு. தாத்தா பாட்டியுடன் செல்லும் குடும்பத்திற்கு மின்தூக்கியும் அகலமான நடைபாதையும் தேவை. பழைய கட்டடங்களில் படியேறவேண்டி இருக்கலாம். அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவை பூடோங் விமான நிலையத்தின் அருகே கழிப்பது புத்திசாலித்தனம். யாருடன், எதற்காகப் போகிறோம் என்பதைப் பொறுத்துத் தெரிவு மாறட்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்வோம். அந்தச் சந்துகள் நமக்காகப் போடப்பட்ட படப்பிடிப்பு அரங்கம் அல்ல. திறந்திருக்கும் கதவுக்குள் கைப்பேசியை நீட்டுவதும் நள்ளிரவில் உரக்கச் சிரிப்பதும், நம் புளோக்கில் யாராவது செய்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

அடுத்த முறை குழுவில் யாராவது விடுதிப் படங்களை அனுப்பினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மெட்ரோ நிலையத்திற்கு எத்தனை நிமிட நடை? காலையில் அங்கு வசிப்பவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்? இரவு பத்தரை மணிக்கு எப்படித் திரும்புவோம்? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தபிறகு விலையைப் பாருங்கள். சன்னல் காட்சியைக் கடைசியாகப் பார்க்கலாம். ஆற்றங்கரைக்குப் போனால் அதைவிட நல்ல காட்சி இலவசமாகவே கிடைக்கும்.