செம்மண் குழிகளின் மழைநீர் குறித்து எங்கள் நிலைப்பாடு

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டாரத்தில் சரளைச் செம்மண் எடுக்கப்படும் குழிகளில் விழுகின்ற மழைநீர் எவ்விதம் ஆளப்பட வேண்டும், அதற்கு உத்தரவாதி யார் என்னும் விஷயத்தில், ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் விவசாயிகளின் சங்கமாகிய நாங்கள் எங்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமாகிவிட்டது. குவாரிகளை அடியோடு மூடிவிட வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. சாலைக்கும் மனைக்கும் கிராவல் வேண்டும் என்பதும், அத்தொழிலைக் கொண்டு ஜீவிக்கும் குடும்பங்கள் எங்கள் ஊர்களிலேயே உண்டு என்பதும் நாங்கள் அறிந்தவையே. ஆயினும், குத்தகை எல்லைக்குள் விழுந்த மழை, அங்கே தான் கரைத்துச் சுமந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டுத் தெளிந்த நீராகத்தான் எல்லையைக் கடக்க வேண்டும். அதற்குரிய ஏற்பாடு முதல் டிப்பர் மண் ஏறுவதற்கு முன்பே செய்து முடிக்கப்பட வேண்டும். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

இப்பிரதேசத்தின் பூமி அத்தகையது. கடலூர் மணற்கல் என்று புவியியலார் வழங்கும் படிவத்தின் மேல், அதாவது திருவக்கரையின் கல்மரங்களைத் தன்னுள் வைத்துக் காத்த அதே படிவத்தின் மேல், அமைந்த இந்தச் செம்மண், வேர்ப்பிடிப்பு உள்ளவரை மழையைத் தாங்கி நிற்கும். மேல்மண் நீங்கிவிட்டாலோ, பொம்மையார்பாளையம் பக்கத்து ஆழ்ந்த ஓடைப் பள்ளங்களைக் கண்டவர்கள் அறிவார்கள், மண் கரைந்தோடுவதை நிறுத்துவாரில்லை. 1968இல் ஆரோவில் தோன்றியபோது பெரும்பாலும் பொட்டலாகக் கிடந்த மேட்டில், வரப்பு கட்டியும் மரம் நட்டும் மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்குப் பல ஆண்டுகளின் உழைப்பு தேவைப்பட்டது. அத்தகைய மண்ணைப் பொக்லைன் சில நாட்களில் திறந்து போட்டுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயற்சின்னம் எழுந்தால் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்வது இக்கரையோரத்தில் அபூர்வமன்று. அப்படிப் பெய்தால் 2 ஹெக்டேர் குழியில் மட்டும் 20 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. மேட்டு நிலத்து வெள்ளமும் அதனுடன் கூடி, வெட்டிய சரிவை அறுத்துக்கொண்டு, வரத்து வாய்க்காலில் இறங்கி, ஏரிக்கு ஏரி கடந்து, ஒரு பகுதி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியையும் சென்று சேருகிறது.

ஏரிக்கு வண்டல் நல்லதுதானே, அதைத்தானே கோடையில் வயலுக்கு அடிக்கிறீர்கள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் மேல்மண்ணும் மக்கிய இலையும் சாணமும் சேர்ந்து வந்து படிவது வண்டல்; அதை நாங்கள் பொக்கிஷமாகவே மதிக்கிறோம். குழியின் அடிமண்ணிலிருந்து வருவதோ உயிர்ச்சத்து அற்ற களியும் மணலும். அது மதகை அடைத்து, ஏரியின் கொள்ளளவைக் குறைக்கிறது. அந்தக் குறைவின் விளைவு தை மாதத்தில் கடைமடை நிலத்தில்தான், அதாவது குவாரியால் ஒரு காசும் கண்டிராத விவசாயியின் பயிரில்தான், தெரியவருகிறது. அந்த நஷ்டம் எந்தக் குத்தகைக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதே எங்கள் மனத்தாங்கல்.

பரிகாரம் என்றவுடன் குழியின் மூலையில் ஒரு பள்ளம் தோண்டி, அதையே படிவுக் குட்டை என்று காட்டிவிடுகிறார்கள். அது போதாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத நீரில் நுண்மணல் சில நிமிஷங்களில் அடியில் தங்கிவிடும். நுண்ணிய வண்டல் துகளுக்குச் சில மணி நேரம் வேண்டும். களித் துகளோ பத்து நாளுக்கு மேலும் மிதந்துகொண்டிருக்கும். ஆகையால் குட்டை ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பதும், நீர் புகும் வாயும் வெளியேறும் வாயும் எதிரெதிர்க் கோடியில் இருப்பதும், புரட்டாசிக்குள் அது தூர் வாரப்பட்டிருப்பதுமே முக்கியம். அதனினும் முக்கியம், நீரைக் கலங்கவிடாமலே காப்பது. மேட்டு வெள்ளம் குழிக்குள் புகாதபடி சுற்றிலும் வடிகால் வெட்டி, அதைக் கல் பாவி, இயற்கையான ஓடையில் கொண்டு சேர்க்க வேண்டும். முழுப் பரப்பையும் ஒருசேரத் திறக்காமல், ஒரு துண்டை வெட்டி முடித்து, ஒதுக்கி வைத்த மேல்மண்ணை அதன்மேல் பரப்பிப் புல் பிடித்த பிறகே அடுத்த துண்டில் கை வைக்க வேண்டும். சரளை மண்ணில் படி வைத்து வெட்டினால் ஒவ்வொரு படியும் 1.5 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 1961ஆம் வருஷத்துச் சுரங்க ஒழுங்குமுறை விதிப்பது தொழிலாளரின் உயிரைக் காப்பதற்கே என்றாலும், அப்படிகள் நீரின் வேகத்தையும் தணிக்கும்.

ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி அவசியம் என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அனுமதிக்காகத் தயாராகும் திட்டத்தில் வடிகாலும் குட்டையும் வரைபடமாக இருந்தால் மட்டும் பிரயோஜனமில்லை. பருவமழைக்கு முன்னும், பெருமழை பெய்த மறுநாளும், கனிமவளத் துறையினரும் நீர்வளத் துறையினரும் ஆயக்கட்டு விவசாயிகளின் பிரதிநிதியோடு சேர்ந்து ஸ்தலத்தைப் பார்வையிட வேண்டும். எல்லையைத் தாண்டும் நீர் சேறாக இருந்தால், அது சரிப்படும்வரை மண் ஏற்றுவதற்கு நடைச்சீட்டு கொடுக்கலாகாது. குத்தகை முடியும்போது, சரிவில் பிடித்த புல் ஒரு வடகிழக்குப் பருவத்தைத் தாங்கி நின்றதை நேரில் கண்ட பின்னரே குத்தகைதாரரின் வைப்புத் தொகை திருப்பித் தரப்பட வேண்டும். தாங்கவில்லையெனில், வரத்து வாய்க்காலைத் தூர் வாரும் செலவு அத்தொகையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.